வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று

கோமதிக்கு,

நீ வண்ணார்பேட்டைக்கு அட்டைப்பெட்டி வாங்கப் போயிருக்கிறாய். வருவதற்குள் கொஞ்சமாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறாய். நேரில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால் இதை உன் கைப்பையில் வைத்துவிடுகிறேன். ரயில் கிளம்பிய பிறகு படித்துக்கொள்.

போன வாரம் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி, தன் மகளுக்குக் கீபோர்டு வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாயெடுத்தவள், டீ ஆறிப்போகும் வரை நானே பேசிக்கொண்டிருந்தேன். வீட்டில் வைத்துப் பாட்டுப் போட எது வேண்டும், மேடைக்குத் தூக்கிப்போக எது வேண்டும், கம்ப்யூட்டர் எப்போது, சாஃப்ட்வேர் எப்படி என்று எல்லாம் என் வாயிலிருந்து வருகிறது. பேசி முடித்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. சரிகம தவிர வேறு தெரியாத நான் இதையெல்லாம் எங்கே படித்தேன்? உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான். பெற்றவள் பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். உன்னிடம் தெரிந்துகொண்டதை உனக்கே எழுதப்போகிறேன். புது ஊரில் எப்போதாவது உன் மேல் உனக்கே சந்தேகம் வந்தால் எடுத்துப் படிக்க உதவும்.

முதல் கீபோர்டு வாங்க மதுரைக்குப் போனோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். அதுவரைக்கும் மேலப்பாளையம் சாகுல் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் அவருடைய கீபோர்டைத்தான் நீ வாசித்துக்கொண்டிருந்தாய். அவர் தம்பி சவூதியிலிருந்து அனுப்பியது. அண்ணாச்சி மைக் செட் கடைக்காரர், குழுவுக்குத் தலைவர், பாட்டுக்காரரும் அவர்தான். இந்தப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைக் கீபோர்டில் உட்காரவைத்த ஒரே குழு அவருடையது. நிகழ்ச்சிக்கு நான் கூடவே வரவேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு உன் அப்பா சம்மதித்தார். இனி வீட்டில் பழகவும் ஒன்று வேண்டும் என்று நீ கேட்டபோது, தாலுகா ஆபீசில் லீவு போட்டுவிட்டு அவரும் நம்மோடு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

அந்தக் கடைக்காரர் முதலில் ஒரு பெரிய கீபோர்டின் பொத்தானை அழுத்தினார். டிரம்ஸ், கிடார், பின்னால் ஒரு வயலின் கூட்டம் எல்லாம் தானாகவே கிளம்பியது. சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஓடியது. ஒற்றை விரலை வைத்தால் ஒரு கல்யாணக் கச்சேரியே நடக்கிறது. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆளே வேண்டாம் போலருக்கே" என்றார். நீ உடனே திரும்பி, "ஆளே வேண்டாம்னா நான் எதுக்குப்பா?" என்றாய். கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

அப்புறம் கீழ்த்தட்டில் இருந்த ஒன்றை எடுத்துத் தரச் சொன்னாய். விளக்கு கிடையாது. தானாக அடிக்கிற தாளம் கிடையாது. ஸ்பீக்கர்கூடக் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கட்டையைப் பைய அழுத்தினாய். பிறகு அதையே ஓங்கி அழுத்தினாய். விரலை எடுக்காமல் அந்தச் சத்தம் தேய்ந்து முடிகிற வரை கண்ணை மூடிக் கேட்டாய். பியானோ, வயலின், குழல், அவ்வளவுதான். அதில் இன்னும் எத்தனையோ சத்தம் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னதை நீ காதில் வாங்கவே இல்லை. அந்தப் பெரியதையும் அதே மாதிரி சோதித்துவிட்டு, என்னிடம் ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாய். நாள் முழுக்க டிரங்க் கால் கேட்டுப் பழகிய காது எனக்கு. பெரியதில் சத்தம் ஓய்ந்த பிறகு, தூரத்து ஊர் லைன் மாதிரி ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. சின்னதில் சத்தம் முடிந்தால் முடிந்ததுதான், கிணற்றுக்குள் மாதிரி அமைதி. நீ எதைச் சொல்ல வருகிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. அப்பாவுக்கு விளங்கவில்லை. ஸ்பீக்கரே இல்லாத பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப்போய் என்னவென்று சொல்வது என்று அவர் கேட்டபோது, நீ கோபப்படாமல் பதில் சொன்னாய்.

"ஸ்பீக்கரப் பைய வாங்கிக்கிடலாம்ப்பா. நாளைக்கு அத மாத்தவும் செய்யலாம். உள்ள இருக்க சத்தத்த மாத்த முடியாதுலா."

அன்றைக்கு உனக்குப் பதினெட்டு வயது. கண்ணைப் பறிக்கிற சாமானை முன்னால் வைத்துக்கொண்டு, காதுக்கு எது வேண்டும் என்று முடிவு செய்ய எனக்கெல்லாம் அந்த வயதில் தெரியாது. இப்போதும் புடவைக் கடையில் தெரிவதில்லை.

திரும்பும்போது கோவில்பட்டி தாண்டுகிற வரைக்கும் அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நீ மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்கு மிடி என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டு வந்தாய். கீபோர்டின் பின்னால் வட்டமாக ஒரு துளை இருக்கிறதே, அதில் போகிற ஒயரில் சத்தம் போகாது, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தி எவ்வளவு நேரம் வைத்திருந்தோம் என்கிற சேதி மட்டும்தான் போகும் என்றாய். நாங்கள் எக்ஸ்சேஞ்சில் கால் புக் செய்வது போல என்று எனக்குப் பட்டது. எந்த நம்பரிலிருந்து எந்த நம்பருக்கு, எவ்வளவு நேரம் என்று எங்களுக்குத் தெரியும், என்ன பேசினார்கள் என்பது எங்கள் கணக்கில் வராது. அதைச் சொன்னதும் "அதேதாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த ஒயர் ஒரு நாள் கம்ப்யூட்டருக்குப் போகும் என்று நீ அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாய்.

கம்ப்யூட்டர் வர இன்னும் சில வருடம் ஆனது. கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று புது மெஷின்கள் போட்டபோது கழித்த பழையதை, நீ அங்கே பாடம் நடத்தியதற்குப் பதிலாக வாங்கி வந்தாய். அதில் போடுவதற்கு இரண்டு சாஃப்ட்வேர் கிடைத்தது. ஒன்று பார்க்கவே ஒலிப்பதிவுக் கூடம் மாதிரி இருந்தது. திரை முழுக்கக் குமிழ்களும் மீட்டர்களும். உன் சிநேகிதர்கள் எல்லாரும் அதுதான், அதுதான் என்றார்கள். இன்னொன்று வெறும் கோடும் கட்டமுமாக, ஆபீஸ் ரெஜிஸ்டர் மாதிரி இருந்தது. நீ இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டு, ஒரு நாள் ஒன்றை, மறுநாள் மற்றதை, மறுபடி மறுபடி ஓடும்படி வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாய். ரசம் ஊற்றும்போது அந்த அழகானது நின்றுபோனது. மற்றதோ நீ சாப்பிட்டு, தட்டைக் கழுவி, மாடியில் துணி எடுத்துவிட்டு வந்த பிறகும் தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் வைத்துக்கொண்டாய். பெரியது நல்லதுதான், ஆனால் அதைச் சுமக்க நம்மிடம் இருக்கிற மெஷினுக்குத் தெம்பு இல்லை, இருக்கிற மெஷினில் நிற்காமல் ஓடுவது எதுவோ அதுதான் நமக்கு நல்லது என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் புதிது புதிதாகக் கொண்டுவந்து காட்டினார்கள். நீ ஆசையாகப் பார்ப்பாய், கேள்வி கேட்பாய், திரும்பி வந்து உன் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்வாய். அந்தச் சாஃப்ட்வேரின் ஒவ்வொரு மூலையும் உனக்கு நம் அடுக்களை மாதிரி பழகிவிட்டது.

அடுத்ததை எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நீ படித்த காலேஜின் ஆண்டு விழா நடனத்துக்கு நீ வீட்டிலேயே இசை போட்டாய், நினைவிருக்கிறதா? முடித்ததும் ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நன்றாக இருக்கிறது, ஆனால் புல்லாங்குழல் வரும் என்றாயே, காணோமே என்றேன். ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மறுபடி மாட்டினாய். இப்போது குழல் அழகாகக் கேட்டது. ஆனால் தபேலா போய்விட்டது. என்னடி இது, மாற்றி மாற்றி வருகிறது என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"நாளைக்கு லீவு போடும்மா. டாக்டர்ட்ட போயிட்டு வந்துருவோம்."

வலது காதில் நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். வயதா, வம்சமா, வருடக்கணக்காக ஹெட்போன் மாட்டியதா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சரியாகாது, இருக்கிறதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது நான் அழுதேன். காதை நம்பியே வேலை பார்த்தவளுக்குக் காது போனால் எப்படி இருக்கும்? நீ என் இடது பக்கமாக மாறி உட்கார்ந்துகொண்டாய். வீட்டுக்கு வந்து நேராகச் சத்தங்களைக் கலக்கிற மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். அப்படிக் கேட்டதும் குழல் வயலினுக்குள் புதைந்துபோனது. வயலினைத் தணித்து, தபேலாவைக் கொஞ்சம் ஒதுக்கி, குழலுக்கு வழிவிட்டு, விளக்கு வைக்கிற நேரம் வரை அதே வேலை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாய். எல்லாம் இருந்தது. எனக்கு ஒன்றுமே குறையவில்லை.

உனக்காக இல்லைம்மா, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரிலும் டீக்கடை ரேடியோவிலும் இப்படித்தான் கேட்கும், இத்தனை நாள் எனக்கு இது தோன்றாமல் போய்விட்டது என்றாய். என் மனம் நோகக்கூடாது என்று சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். சொன்னது உண்மை என்பதும் தெரியும். அதற்குப் பிறகுதான் சன்னலோரத்தில் அந்த ஒற்றை ஸ்பீக்கர் நிரந்தரமாக வந்தது. எவ்வளவு நல்ல ஹெட்போனில் கேட்டாலும் கடைசித் தீர்ப்பு அந்தச் சின்னப் பெட்டியில்தான். உன் பாட்டு எல்லார் வீட்டிலும் தெளிவாகக் கேட்கிறது என்று ஊரில் சொல்கிறார்களே, அது இந்தப் பழக்கத்தால் வந்தது.

வீட்டு விஷயம் இப்படி என்றால் மேடையில் நீ வேறு ஆள். அதை நான் முழுசாகக் கண்டது பாபநாசத்தில், சித்திரை விசுத் திருவிழா அன்றைக்கு. அண்ணாச்சி நம்மைக் கேட்காமலே 'கம்ப்யூட்டர் இன்னிசை' என்று போஸ்டர் அடித்து அம்பாசமுத்திரம் வரைக்கும் ஒட்டிவிட்டார். பிறகுதான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கம்ப்யூட்டரை மேடையில் வைத்து அது தானாக வாசித்தால் ஜனம் அசந்துபோகும் என்றார். நீ மாட்டேன் என்றாய். வீட்டில் தப்பினால் நிறுத்திவிட்டு மறுபடி போடலாம், மேடையில் நின்றால் நின்றதுதான், அங்கே ஜெனரேட்டர் கரண்டு, வெயில், தூசி, இந்த மெஷின் ஒரு தடவை அணைந்தால் எழுந்திருக்கவே ஒரு பாட்டு நேரம் ஆகும் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாய். அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. போஸ்டரில் போட்டாகிவிட்டது, அவர் வாக்கு என்னாவது? தென்காசியில் ஒரு பையன் எல்லாப் பாட்டையும் மெஷினிலேயே போட்டு வைத்திருக்கிறான், அவனைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றார்.

"கூப்பிடுங்க அண்ணாச்சி. நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன். கம்ப்யூட்டரு மேடைக்கு வராது, அவ்வளவுதான்."

அவர் போன பிறகு உன்னிடம் வந்து நின்றேன். இந்தக் குழுவை விட்டால் உனக்கு வேறு மேடை ஏது? கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன, சும்மா திரை மட்டும் எரியட்டுமே என்று நான்கூடச் சொன்னேன். ஓடாத ஒன்றை ஓடுகிற மாதிரி வைப்பது எனக்கு வராதும்மா என்று சொல்லிவிட்டு நீ பழகப் போய்விட்டாய். இரண்டொரு நாளில் அண்ணாச்சியே ஆள் அனுப்பினார், உன் இஷ்டப்படியே வா என்று. தென்காசிப் பையனுக்கு வேறு நிகழ்ச்சி இருந்ததோ, அவருக்கே மனசு மாறியதோ, நமக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க நீ செய்ததைப் பார்த்து உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வாசித்துக்கொண்டே இருப்பாய், திடீரென்று கீபோர்டின் பிளக்கைப் பிடுங்குவாய், மறுபடி செருகுவாய், எவ்வளவு சீக்கிரம் சத்தம் வருகிறது என்று பார்ப்பாய். வேண்டிய சத்தங்களையெல்லாம் ஃபிளாப்பியிலிருந்து எடுக்காமல் அதன் உள் நினைவிலேயே வரிசையாக அடுக்கி வைத்தாய். ஒவ்வொரு ஒயரிலும் மாற்றுக்கு ஒன்று, ஒரு ஸ்டெபிலைசர், ஒரு டார்ச். வேன் ஏறும்போது இவ்வளவுதானா என்று அண்ணாச்சி கேட்டார். இவ்வளவுதான் என்றாய்.

பாபநாசத்தில் ஆற்றில் குளித்த தலையோடு ஜனம் வந்து உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அண்ணாச்சி ஒரு நிதானமான பக்திப் பாட்டை எடுத்தார். இரண்டாவது சரணத்தில் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மைக், விளக்கு, கீபோர்டு எல்லாம் போயிற்று. அண்ணாச்சி பாட்டை விடவில்லை. மேடை விளிம்புக்கு வந்து வெறும் தொண்டையில் பாடினார். டோலக்குக்காரர் கூடவே வாசித்தார். ஜனம் கைதட்டித் தாளம் போட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்துவிட்டது. உன் கீபோர்டு உடனே எழுந்துவிட்டது, அதன் சின்னப் பச்சை வெளிச்சம் எனக்குத் தெரிந்தது. ஆனால் நீ சேரவில்லை. எனக்குப் பதைத்தது, ஏன் சும்மா இருக்கிறாய் என்று. தலையைக் குனிந்து, சத்தத்தை அடியோடு குறைத்து, ஒரு கட்டையை ஒற்றி ஒற்றிக் கேட்டாய். ஒரு பொத்தானை அழுத்தினாய். பிறகு பல்லவி திரும்புகிற இடத்தில், ஆற்றில் இறங்குகிற மாதிரி மெல்ல உள்ளே வந்தாய். வயலின் சத்தம் அவர் குரலுக்கு அடியில் விரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும்தான்.

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சி தாண்டியதும், முன்சீட்டில் இருந்த அண்ணாச்சி பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

"பிள்ள, கரண்டு போனப்ப நான் சுதியில அரைக்கட்டை ஏறிட்டேன்லா?"

ஆமா அண்ணாச்சி என்றாய்.

"நெனச்சேன். என்னைய எறங்கச் சொல்லாம நீ ஏறி வந்துட்டே. மெஷினா இருந்தா அது பாட்டுக்கு அது சுதியில போயிருக்கும். நான் ஊரு முன்னால அசிங்கப்பட்டுருப்பேன்."

நீ அழுத்திய அந்தப் பொத்தான் கீபோர்டின் சுதியை ஏற்றத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் வந்து, இனி போஸ்டரில் என்ன போடுவது என்று உன்னைக் கேட்டுத்தான் அடிப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த இரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். உனக்குக் கை ஓடும், காது உண்டு என்பதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். பாடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிற மனசு உனக்கு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குத் தோதான கருவியைத்தான் நீ கடையிலும் தேடியிருக்கிறாய் என்று அப்புறம் புரிந்தது.

நீ வீட்டில் போட்ட கேசட் ஒன்றை இங்கே கல்யாணத்துக்கு வந்த சென்னை ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் கேட்டுவிட்டு உன்னை வேலைக்கு அழைத்திருக்கிறார். அங்கே சுவர் முழுக்க மெஷின் இருக்குமாம். வருகிற ஜனவரியில் இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று வேறு பேப்பரில் பயமுறுத்துகிறார்கள். நின்றால் நீ பார்த்துக்கொள்வாய். புதிதாக ஒன்றைப் பார்க்கிறபோது உடனே தலையாட்டிவிடாதே, உடனே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதே. அங்கே இருப்பவர்களுக்கு உன்னைவிட நிறையத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள். யார் வேலைக்கு எது வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்ய விடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு நடுநடுவே வெளியே போய் நின்று வா. இதை நான் சொன்னால் உனக்குக் காரணம் தெரியும்.

கடைசியாக ஒரு சமாச்சாரம். நீ வெளியே போகிற நேரம் பார்த்துப் போன வாரம் இரண்டு நாள் உன் அப்பா ஒரு நூல்கயிற்றை எடுத்துக்கொண்டு உன் கீபோர்டைச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். நேற்று மேலப்பாளையத்தில் டிரங்குப் பெட்டி செய்கிறவரிடமிருந்து ஒரு தகரப் பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. உள்ளே பஞ்சு வைத்துத் துணி ஒட்டி, இரண்டு பக்கமும் பிடி வைத்து, அழகாகச் செய்திருக்கிறார்கள். இப்போது எதிர்வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில்தான் உனக்குக் காட்டுவாராம். வந்ததும் நீ இல்லாத நேரத்தில் கீபோர்டை உள்ளே வைத்துப் பார்த்தோம், அதைவிடப் பெட்டி நல்ல நீளம். அளவு தப்பிப்போச்சே, உள்ளே கிடந்து ஆடுமே என்றேன். மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அளவெல்லாம் தப்பல. நாளைக்கு இத விடப் பெருசா ஒண்ணு வாங்குவால்லா? அப்ப பெட்டிக்கு எங்கன போயி அலைவா?"

சொல்லிவிட்டு, தன் பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்து, ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டார். நீ இதைப் படிக்கும்போது அந்தப் பெட்டி உன் இருக்கைக்குக் கீழே இருக்கும். அந்த வேட்டியை எடுத்து வெளியே போடுகிற நாள் வரும்போது, அப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்.

அம்மா